காஞ்சனபுரிக்குப் போகும் கயல்விழிக்கு

அரியலூர்

அன்புள்ள கயல்விழி,

பயிற்சிக்காக பாங்காக் போகிறாய், நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு காஞ்சனபுரி போய், குவாய் நதிப் பாலத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவதாகத் திட்டம் என்று உன் அப்பா சொன்னான். கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. போனில் பேசினால் பாதிதான் சொல்வேன், நீயும் பாதிதான் கேட்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். விமானத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ போகிற இடத்தில் நம்மவர்கள் செத்துக் கிடக்கிறார்கள் அம்மா. பேச்சுக்காக நம்மவர்கள் என்று சொல்லவில்லை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் போய், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும்தான் அங்கே கிடக்கிறார்கள். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி ஜில்லாவில் இருந்தவை. மழை பொய்த்தால் வயிற்றுக்கு வழியில்லாத வானம் பார்த்த பூமி. நம் பக்கத்துக் கிராமங்களில் ‘மலாயாக்காரர் வீடு’ என்று இன்றைக்கும் அடையாளம் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. சில வீடுகளுக்குப் பணமும் கடிதமும் வந்தன. சில வீடுகளுக்கு 1942-க்குப் பிறகு எதுவும் வரவில்லை.

போவதற்கு முன் இது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள். தெரியாமல் போனால் ஆறும் பாலமும் அழகாகத்தான் தெரியும்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் அவர்கள் கைக்குப் போனது. பர்மாவில் இருக்கும் படைக்குச் சோறும் தோட்டாவும் கப்பலில் அனுப்ப வேண்டுமானால் மலாக்கா நீரிணை வழியாகச் சுற்றி ரங்கூன் போக வேண்டும். அந்த வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே தரைவழியாக ஒரு ரயில்பாதை வேண்டியிருந்தது. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பான்போங் அருகிலிருந்து பர்மாவில் தான்பியுசயாத் வரை, மலையும் காடும் ஆறும் குறுக்கிடும் 415 கிலோமீட்டர். முன்னொரு காலத்தில் ஆங்கிலேயர்களும் இந்த வழியை அளந்து பார்த்துவிட்டு, மலையும் மழையும் நோயும் விடாது என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானிய ராணுவம் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளையும் இணைத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்று கேட்டால், மனித உயிருக்கு விலையே வைக்காமல் வேலை வாங்கியதால்தான் முடிந்தது.

போர்க்கைதிகளாகப் பிடிபட்ட ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், சில நூறு அமெரிக்கர் எல்லாருமாக 60,000-க்கு மேற்பட்டவர்கள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்துபோனார்கள். இந்தக் கதை உலகத்துக்குத் தெரியும். ஆசியக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டவர்களின் தொகையைக் குறைத்துக் கணக்கிடுகிறவர்கள் 1,80,000 என்கிறார்கள், கூட்டிக் கணக்கிடுகிறவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேலே போகிறார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டோர் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இந்தத் தொகைகளில் ஒன்றுகூட ஒற்றைப்படை வரை எண்ணப்பட்டதில்லை என்பதைக் கவனி. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தோட்டத்து மக்கள் எப்படி அகப்பட்டார்கள்? வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள். ரப்பருக்கு வாங்குவாரில்லை. அரிசி வரத்து நின்றுபோய், லயங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தோட்டம் தோட்டமாக ஆள் கேட்டது ஜப்பானிய நிர்வாகம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம் என்றார்கள். கங்காணியும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியும் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் ஒளிய ஆரம்பித்ததும், இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து வாசலை அடைத்து லாரியில் ஏற்றினார்கள். தப்பிப்பதற்காகவே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் உண்டு. அந்தப் படையினரில் சிலர், தங்கள் தோட்டத்து ஆட்கள் போட்ட அதே தண்டவாளத்தின் மேல் பர்மா போர்முனைக்குப் போனார்கள். ஒரே லயத்தில் அண்ணன் கூலியாகவும் தம்பி சிப்பாயாகவும் போன காலம் அது. இதை நல்லவர் கெட்டவர் என்று இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்ள முயலாதே. வரலாற்றை அப்படிப் படித்தால் கடைசியில் நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

இனி உன் ஞாயிற்றுக்கிழமை.

பாங்காக்கின் தோன்புரி ரயில் நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் ஒரு சாதாரண வண்டி கிளம்பும். ஏ.சி. கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாம். காரில் போகலாம் என்று தோழிகள் சொன்னாலும் போகும்போதாவது ரயிலிலேயே போ. நோங் பிளாடுக் சந்திப்பைத் தாண்டியதும் உன் வண்டி அந்தப் பாதையில் ஏறிவிடும். அன்று போட்ட 415 கிலோமீட்டரில் நாம் தோக் வரையுள்ள ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான் இன்றும் ஓடுகிறது. மற்றதைப் போருக்குப் பின் பெயர்த்துவிட்டார்கள், காடு மூடிவிட்டது. திரும்பும்போது நேரம் பார்த்துக்கொள். மதிய வண்டியை விட்டுவிட்டால் பாங்காக் திரும்ப பஸ்ஸோ வேனோதான். தொப்பி, தண்ணீர், சில்லறைப் பணம், பாஸ்போர்ட் நகல் இருக்கட்டும். புத்த கோயிலுக்குள் போக வேண்டியிருக்கும், தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போட்டுக்கொள்.

காஞ்சனபுரி நிலையத்தில் இறங்கு. பாலத்தடியில் இறங்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், கேட்காதே. பாலம் கடைசியில்.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. 6,982 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், வரிசை தப்பாத தாழ்ந்த கற்கள், கல்லின் மேல் வெண்கலத் தகடு, தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, பத்தொன்பது. உன் வயது. அடியில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. அவசரப்படாமல் ஒரு வரிசை முழுக்க நடந்து படி. அங்கே பத்து பேரையாவது பெயரோடு தெரிந்துகொண்டு வா. நம்மவர்க்கு இப்படி இல்லையே என்ற ஆத்திரத்தில் இவர்களைக் கடந்து போய்விடாதே. பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் செத்த பையன்கள் இவர்கள். இவர்களைச் சேர்ந்த மருத்துவர்கள்தான் 1943-இல் ‘கே’ படை, ‘எல்’ படை என்ற இரண்டு சிறு குழுக்களாக ஆசியக் கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, மருந்தும் கருவியும் இல்லாமல் நம்மவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். அந்த முகாம்களின் நிலை வெளியுலகத்துக்குத் தெரிந்ததில் அவர்களுடைய சாட்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நுழைவாயில் கட்டடத்துக்குள் ஒரு சிறு நினைவுப் பலகை இருக்கும். பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள். தாய்லாந்தின் முஸ்லிம் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள், அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாததால் பெயரை இங்கே பொறித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. நீ கவனி.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பக்கம் வயது வரை பொறித்த தகடு, இன்னொரு பக்கம் பத்தாயிரக் கணக்கில் தோராயம். ஏன்?

போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு சிறு தேடல் குழு கல்லறைகளைத் தேடிப் பாதை நெடுகக் கிளம்பியது. முன்னாள் கைதிகளும் ராணுவத்தினரும் இருந்தார்கள், நாகாசே தகாஷி என்ற ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரும் உடன் போனார். மூன்று வாரத்துக்குள் 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். தேடியதில் கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார். படை என்றால் பெயர்ப்பட்டியல் உண்டு. கைதிகளானபோதும் அவர்களுடைய அதிகாரிகள் பட்டியலை விடவில்லை. யார் எந்த முகாமில், எந்த நாளில், எந்த நோயில் போனார் என்று ரகசியமாக எழுதி, மூங்கில் குழாய்க்குள்ளும் புதைத்த சவத்தின் பக்கத்திலும் ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டால் அடி உதை என்று தெரிந்தே எழுதினார்கள். ‘வியரி’ டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் முகாமில் எழுதிய நாட்குறிப்பு 1986-இல் புத்தகமாகவே வந்தது.

தோட்டத்து ஆளிடம் என்ன இருந்தது? பட்டியல் போட அதிகாரி இல்லை. எழுதத் தெரிந்தவர் குறைவு. காகிதம் இல்லை. மொழி புரியாத காவலாளி, அவர் பெயரைத் தப்பாகவாவது எழுதிக்கொள்ளாத நிர்வாகம். கூலிக்கு எண் உண்டு, அந்த எண்ணும் ஆள் செத்ததும் அடுத்தவனுக்குப் போனது. இதே காரணம்தான் அவர்கள் கூடுதலாகச் செத்ததற்கும். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி ஆற்று வழியாக முகாம் முகாமாக இறங்கி வந்தது. கைதிகள் முகாமில் மருத்துவர் இருந்தார். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது, கக்கூஸ் குழியைத் தள்ளி வெட்ட வேண்டும், ஈ மொய்த்த சோற்றைத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டு, மீறினால் தண்டிக்க அதிகாரி இருந்தார். அவ்வளவு கட்டுப்பாட்டிலும் அவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். குடும்பங்களும் தனி ஆட்களுமாகக் கொண்டுவந்து கொட்டப்பட்ட கூலி முகாமில் இந்தக் கட்டுமானம் எதுவும் கிடையாது. தாகம் எடுத்தவர் ஆற்றில் குடித்தார். சில முகாம்களில் பிணத்தை எடுத்துப் போடும் ஆளும் மறுநாள் பிணமானார். ஜப்பானியர் சில இடங்களில் நோய்ப்பட்ட குடிசைகளையே கொளுத்தினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கில் வருவதும் உயிரோடு இருப்பதும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன, கயல். இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

நம் பக்கத்து ரஞ்சன்குடி கோட்டையை நினைத்துப் பார். நீ பள்ளியில் படிக்கும்போது அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். அடுக்கடுக்காக மூன்று சுற்று மதில், அகழி, கீழே பேட்டை, மேலே கோட்டைமேடு, நிலவறைகள். சென்னை நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னலிலிருந்தே தெரிகிற அந்தக் கோட்டையைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. 1751-இல் வாலிகண்டபுரப் போர் நடந்தது அங்கேதான். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம். கோட்டைத் தலைவர் எந்தப் பக்கம் ஜெயிக்குமோ அந்தப் பக்கம் சாயலாம் என்று இழுத்தடித்தார். பொறுமை இழந்த ஆங்கிலத் தளபதி கிஞ்சன்ஸ் பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார். கோட்டை விழவில்லை. பிறகு நடந்த சண்டையில் ஆங்கிலப் படை கலைந்து ஊட்டத்தூர்ப் பக்கம் பின்வாங்கித் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடியவர்களைத் தடுத்து நிறுத்தப் பார்த்த இளம் அதிகாரிகளில் ராபர்ட் கிளைவும் ஒருவர். மறு ஆண்டு அதே கிளைவ் வந்து, அதே இடத்தில் ஒரு பிரெஞ்சுத் தளபதியைச் சரணடைய வைத்தார்.

இவ்வளவும் எப்படித் தெரியும்? ராபர்ட் ஓர்ம் என்ற வரலாற்றாசிரியர் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தளபதிகளின் பெயர் ஒன்றுவிடாமல் இருக்கிறது. எரிந்துபோன பேட்டையில் யார் யார் வீடு இருந்தது, தீயில் போனது யார், அகழியை வெட்டியது எந்த ஊர் ஆட்கள் என்று ஒரு வரி கிடையாது. அன்று நீ பீரங்கி எங்கே என்று கேட்டாய். நல்ல கேள்விதான். காஞ்சனபுரியில் இன்னொரு கேள்வியும் கேள்: இங்கே யாருடைய பெயர் இல்லை?

நம் மண்ணிலேயே இதற்கு நேர் எதிரான சாட்சியமும் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்து ஆண்ட ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரம் வென்றதை, பிடித்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கி மெய்க்கீர்த்தியாகக் கல்லில் வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்கு 2025-இல் விழாவும் எடுத்தோம். அந்தக் கடாரம் இன்றைய கெடா மாநிலம். பிற்காலத்தில் கெடா முழுக்க ரப்பர்த் தோட்டம். நம் பக்கத்து ஆட்கள் அங்கே பால் வெட்டினார்கள், சயாமுக்கு ஏற்றப்பட்டவர்களில் கெடாத் தோட்டத்தார் நிறைய. கடல் கடந்து வென்ற அரசன் பெயரை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிறோம், சரி. கடல் கடந்து தோற்றவர்களும் இந்த மண்ணிலிருந்துதான் போனார்கள். அவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. பாதையின் புவியியல், பாலங்கள் கட்டிய முறை, நோய்கள், உணவுக் கணக்கு எல்லாவற்றையும் பொறுப்போடு விளக்கியிருக்கிறார்கள், ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் பேசுகிறார்கள். போர்க்காட்சிக்கூடம் என்றாலே துப்பாக்கி அடுக்குவார்கள். இங்கே மரணத்தின் காரணங்களைப் படிப்படியாகச் சொல்கிறார்கள், அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

அங்கிருந்து வாட் தாவோன் வராராம் என்ற புத்த கோயிலுக்குப் போ. பக்கத்தில்தான். கேட்டால் வழி சொல்வார்கள். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் போகாத இடம். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்து எழுப்பிய நினைவுக் கட்டுமானம் அந்த வளாகத்தில் இருக்கிறது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாக வந்தன. கூலிகளின் புதைகுழி என்று கண்டறிந்தார்கள். போர் முடிந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்த மண்ணில் உழுது கரும்பு வைத்து வெட்டியிருக்கிறார்கள், கீழே யார் கிடக்கிறார் என்று கேட்க ஒருவரும் வந்திருக்கவில்லை.

அதே கோயில் வளாகத்தில் 2023 மே மாதம் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் முயன்று செய்தது, தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். இவர்கள் வாளெடுத்தவர்கள் இல்லை, மண்வெட்டி எடுத்தவர்கள். அவர்களுக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது. எண்பது ஆண்டு தாமதம் என்பது என் வருத்தம். ஆனாலும் கல் நிற்கிறது. கோயில் வாசல்களில் மல்லிகைச் சரம் விற்பார்கள், ஒன்று வாங்கிப் போ. எப்படிக் கும்பிடுவது என்று யோசிக்காதே. நம் வீட்டில் இறந்துபோனவர்களுக்குச் செய்வதைச் செய். உன் தோழிகளுக்கும் சொல்லிக் கொடு.

பிறகு ஆற்றங்கரைக்கு. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜப்பானியர் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. 1944 தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ரயில்பாதை வேலையில் இறந்தவர்களுக்காக ஜப்பானிய ராணுவமே கட்டியது. சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டு வைத்தார்கள், தமிழிலும் உண்டு. அந்தத் தமிழைத் தேடிப் படி. வேலை வாங்கிக் கொன்றவர்களே, செத்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் கோபமும் வந்தது, ஏதோ ஒரு ஆறுதலும் வந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜப்பானியர் எல்லாரையும் ஒரே நிறத்தில் பார்த்துவிட்டுத் திரும்பாதே. தேடல் குழுவோடு போனார் என்றேனே, நாகாசே தகாஷி, அவர் அந்தக் காட்டில் கண்டதை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். மறுபடி மறுபடி காஞ்சனபுரிக்கு வந்து பிராயச்சித்தம் செய்தார். தான் மொழிபெயர்ப்பாளராக இருந்த விசாரணையில் சித்திரவதைப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரை முதுமையில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். பாலத்தருகே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

பாலம். சந்தடி நிறைந்த இடம் அது. கடைகள், படகுகள், செல்ஃபி எடுக்கும் கூட்டம். தண்டவாளத்தின் மேலேயே நடந்து போகலாம், வண்டி வரும்போது ஒதுங்கிக்கொள்ள மேடைகள் உண்டு. இரும்புத் துண்டுகளை ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வளைந்த வில் போன்றவை பழையவை. நடுவில் கோண வடிவில், நேர்க்கோடுகளாக இருக்கும் இரண்டு கண்கள், குண்டுவீச்சில் உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. உலகம் முழுக்க இந்தப் பாலத்தை அறியச் செய்தது 1957-இல் வந்த டேவிட் லீனின் படம். அந்தப் படத்தை எடுத்தது இங்கே இல்லை, இலங்கையில், கித்துல்கலையில் களனி ஆற்றின் மேல். படத்தில் பாலத்தை ஆங்கிலேய அதிகாரிகள் திட்டமிடுவார்கள், உண்மையில் திட்டமிட்டவர்கள் ஜப்பானியப் பொறியாளர்கள். ஆற்றின் பெயர்கூட அப்போது மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே என்று கேட்டதால் 1960 வாக்கில் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் சூட்டினார்கள். ஒரு படம் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது. அந்தப் படத்தில் மலாயாத் தமிழ்க் கூலியைத் தேடு, கிடைக்கமாட்டான்.

படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. உன்னை எடுத்துக்கொள், தோழிகளை எடுத்துக்கொள். கல்லறைகளுக்கு நடுவிலும் எலும்பு வைத்த இடத்திலும் மட்டும் வேண்டாம்.

ஹெல்ஃபயர் கணவாய் பற்றி யாராவது சொல்வார்கள். பாறையைச் சம்மட்டியும் உளியும் கொண்டு இரவு பகலாக வெட்டிய இடம், ஆஸ்திரேலிய அரசு நல்ல நினைவகம் அமைத்திருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர். ஒரே நாளில் இதையும் அடைத்தால் எதையும் பார்த்ததாக இருக்காது. இன்னொரு முறைக்கு விடு.

போவதற்கு முன் முடிந்தால் இரண்டு நாவல்களில் ஒன்றையாவது படி. இரண்டும் மலேசியத் தமிழர்கள் எழுதியவை: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. நாட்குறிப்பு எழுத முடியாதவர்களின் கதையை அடுத்த தலைமுறை நாவலாகத்தான் காப்பாற்ற முடிந்தது. இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன, புதன்கிழமை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

திரும்பி வந்த பிறகு உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். செந்துறை, உடையார்பாளையம், குன்னம், வேப்பந்தட்டைப் பக்கம் எண்பது தொண்ணூறு வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பாவாக, சித்தப்பாவாக, தாய்மாமனாக மலாயா போய் அந்தக் காலத்தில் தகவல் அறுந்தவர் யாராவது உண்டா என்று விசாரிக்க வேண்டும். பெயர், ஊர், தெரிந்தால் தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு. அவ்வளவு போதும். எல்லாரும் சயாமில்தான் இறந்துபோனார்கள் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுவோம். நீ போனில் பதிவு செய், நான் நோட்டில் எழுதுகிறேன். உன் பரீட்சை முடிந்ததும் ஆரம்பிக்கலாம். முதலில் செந்துறைக்குப் போவோம், அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி பேசத் தயாராக இருக்கிறார்.

தோன்புரி வண்டியின் நேரத்தை முதல் நாளே ஒருமுறை விசாரித்துக்கொள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குத் தகவல் சொல்.

அன்புடன்,
பெரியப்பா